தக்கை சொல்லும் மீன்

கல்லணைக் கால்வாயைத் தஞ்சாவூரில் யாரும் அந்தப் பெயரால் சொல்வதில்லை. புது ஆறு என்பார்கள். மேட்டூர் அணையோடு 1934இல் வந்தது; தொண்ணூறு வயசாகியும் இன்னும் புதுசுதான். பெரிய கோயிலைக் கடந்து, வீடுகள் குறைந்து, மனைக்கற்கள் தொடங்கும் இடத்தில் ஒரு மதகு. ஞாயிற்றுக்கிழமை காலை நாலு பேர் தூண்டிலோடு குந்தியிருந்தார்கள்.

"நிக்காதீங்க தம்பி, நெழலு தண்ணில விழுது" என்றார் பெரியவர். கொத்தனார். வேலை இல்லாத நாளெல்லாம் இங்கேதான்.

மூங்கில் கழி, தங்கூசி, முள், ஈயம் எல்லாம் கடையில் வாங்கியவை. தக்கை மட்டும் அவரே நெட்டியில் செதுக்கியது. அதே நெட்டியில் பெரிய கோயிலையே செய்து கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கிற கைவேலைக்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இவருடையது சுண்டுவிரல் நீளத் துண்டு. நுனி மட்டும் நெல்மணி அளவு வெளியே தெரியும்படி ஈயத்தைக் கடித்துக் கடித்துச் சரிசெய்கிறார். தூக்கலாக மிதந்தால் மீனுக்குப் பாரம் தெரிந்துவிடுமாம், இரையைத் துப்பிவிடும்.

மதகு தாண்டித் தண்ணீர் திரும்பிச் சுழலும் இடத்தில் என் தூண்டிலையும் போடச் சொன்னார். தக்கை நடுங்கியது. சுண்டினேன். முள்ளில் மண்புழு இல்லை.

"அது ஜிலேபி. கொறிக்கும். தக்கை நகர்ற வரைக்கும் பொறுக்கணும்."

மற்ற மீன்களைத் தொடையில் ஒரு விரலை வைத்துக் காட்டினார். கெண்டை என்றால் விரல் மெல்லப் படுத்தது. கெளுத்தி பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போனது. விராலுக்கு விரலே இல்லை, சட்டென்று உள்ளங்கைக்குள் மறைந்தது.

"விரால் எப்ப கெடச்சுது?"

பதில் சொல்லாமல் எதிர்க்கரையைக் காட்டினார். கான்கிரீட். ஓரப் புல்லில்தான் விரால் குஞ்சு பொரித்துக் காவல் இருக்கும். கால்வாய்க்குக் கான்கிரீட் போட்டபோது நிலத்தடி நீர் போய்விடும் என்று விவசாயிகள் எதிர்த்தார்கள். நியாயம்தான். விராலைப் பற்றி யார் பேசினார்கள்?

ஜிலேபிக்கு அந்தக் கவலை இல்லை. முட்டையை வாயிலேயே வைத்து அடைகாக்கிற மீனுக்குப் புல் எதற்கு? ஆப்பிரிக்க மீனான இதை 1952இல் இங்கே கொண்டுவந்தார்கள். ஏழே வருஷத்தில், 1959இல், இதை இனிப் பரப்ப வேண்டாம் என்று தடையும் போட்டார்கள். தடை காகிதத்தில் இருந்தது, மீன் தண்ணீரில் இருந்தது.

அதன்பின் இரண்டு மணி நேரம் தக்கை நடுங்கிக்கொண்டே இருந்தது. ஒரே ஒரு முறை பக்கவாட்டில் ஓடியது. பெரியவர் எழுந்தே நின்றுவிட்டார், நிழலை மறந்து.

வெயில் ஏறியதும் தங்கூசியைக் கழியில் சுற்றினார். பையில் பதினாலு மீன். பதின்மூன்று ஜிலேபி, ஒரு கெளுத்தி.