திருப்பூர் ஞாயிறு: குளக்கரை வேலையும் காளான் வண்டியும்

திருப்பூருக்கு வாரம் முடிவது சனிக்கிழமை ராத்திரிதான். பெரும்பாலான பனியன் கம்பெனிகளில் வாரச் சம்பளம் கைக்கு வரும் நாள் அது. குமரன் ரோடு, காதர்பேட்டை, பழைய பஸ் ஸ்டாண்டு என்று எங்கே திரும்பினாலும் கூட்டம். பரோட்டாக் கடைகளில் கல் ஆறுவதே இல்லை. ஆறு நாளும் 'ஒன்றரை ஷிப்ட்' பார்த்த ஊர், மறுநாள் கொஞ்சம் நேரம் கழித்துத்தான் கண் விழிக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், ஊர் விழிக்கும் முன்பே ஊத்துக்குளி ரோட்டில் சில பள்ளிப் பிள்ளைகளைப் பார்க்கலாம். கையில் உறை, தோளில் தண்ணீர் பாட்டில், கூடவே ஓர் ஆசிரியர். கேட்டால், "என்.எஸ்.எஸ்.ங்க" என்பார்கள்.

இதில் என்ன அதிசயம் என்று மற்ற ஊர்க்காரர்கள் கேட்கலாம். திருப்பூரில் எல்லா வேலைக்கும் ஒரு ரேட் உண்டு. ஓவர்லாக் அடித்தால் பீஸுக்கு இவ்வளவு, பிசிறு வெட்டினால் டஜனுக்கு இவ்வளவு. சின்ன வயதிலிருந்தே இந்தக் கணக்கைக் கேட்டு வளரும் பிள்ளைகள் இவர்கள். 14 வயதுக்குள் வேலைக்கு வைக்கவே கூடாது, 18 வயது வரை ஆபத்தான தொழிலில் சேர்க்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. ஆனாலும் பத்தாவது முடித்ததும், "லீவுல சும்மாதானே இருக்கே, கம்பெனிக்குப் போனா என்ன?" என்ற பேச்சு பல வீடுகளில் எழும். அப்படிப்பட்ட ஊரில், காசு வராத வேலைக்கு அரை நாளைக் கொடுப்பது சாதாரண விஷயமில்லை.

குளத்துக்குக் காவல்

அவர்கள் போகிற இடம் நஞ்சராயன் குளம். திருப்பூரிலிருந்து சுமார் 10 கிலோமீட்டர். சர்க்கார் பெரியபாளையம் பக்கம் 125 ஹெக்டேருக்கு மேல் விரிந்து கிடக்கிறது. முற்காலத்தில் இதைச் சீரமைத்த நஞ்சராயன் என்ற மன்னரின் பெயரே குளத்துக்கு நிலைத்துவிட்டது. தமிழ்நாட்டின் 17-வது பறவைகள் சரணாலயமாக 2022-ல் அறிவிக்கப்பட்டது. 2024 ஆகஸ்டில் ராம்சர் பட்டியலிலும் இடம்பிடித்தது. உலக அளவில் முக்கியமான நீர்நிலைகளுக்குக் கிடைக்கும் அங்கீகாரம் அது.

டிசம்பர் தொடங்கி பிப்ரவரி வரை வந்தால் கூழைக்கடா, நாமக்கோழி என்று கண்ணுக்கு விருந்து. அதிர்ஷ்டம் இருந்தால் வரித்தலை வாத்தையும் பார்க்கலாம். மங்கோலியா, திபெத் பக்கமிருந்து இமயமலையையே தாண்டிப் பறந்து வரும் விருந்தாளி அது. அவ்வளவு தூரம் வருகிற பறவை இறங்கும் தண்ணீரில் பாலித்தீன் பையும் பாட்டிலும் மிதந்தால் எப்படி? கரையோரக் குப்பையைப் பொறுக்குவதும், பறவைகளை எண்ணிக் குறித்துக்கொள்வதும்தான் இங்கே பிள்ளைகளுக்கு வேலை. 2015 முதல் பொங்கல் நாட்களில் நடக்கும் பறவைகள் கணக்கெடுப்பில் பள்ளி மாணவர்களும் சேரலாம். ஓர் இடத்தில் 15 நிமிடம் நின்று, பார்த்ததைப் பட்டியல் போட்டால் போதும்.

தண்ணீர் என்றாலே இந்த ஊருக்கு ஒரு பழைய வலி உண்டு. வெள்ளியங்கிரி மலையில் பிறக்கும் நொய்யல், நகரின் நடுவே ஓடுகிறது. சாயக் கழிவு கலந்து அது நிறம் மாறிய கதை நாடறியும். பாசனத்துக்காகக் கட்டி 1992-ல் திறக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் சாயத் தண்ணீர்தான் தேங்கியது. விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். கழிவுநீர் ஒரு சொட்டுகூட வெளியேறக் கூடாது என்ற நிபந்தனையை நிறைவேற்றாத சாய ஆலைகளை மூட, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. நூற்றுக்கணக்கான ஆலைகள் மூடப்பட்டு ஊரே ஸ்தம்பித்தது. இப்போது மேல்நிலை வகுப்பில் இருக்கும் பிள்ளைகள் பிறந்த காலம் அது. அப்பா, அம்மா வேலையில்லாமல் உட்கார்ந்திருந்த கதையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, தண்ணீர் கெட்டால் சோறும் கெடும் என்று யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

மரம் நடுவது இன்னொரு வேலை. வெற்றி அமைப்பு 2015-ல் தொடங்கிய 'வனத்துக்குள் திருப்பூர்' திட்டத்தில் பல லட்சம் கன்றுகள் நடப்பட்டிருக்கின்றன. இது மழை மறைவுப் பகுதி. கன்றை நட ஒரு நாள் போதும், அது பிழைக்கக் குறைந்தது இரண்டு கோடையைத் தாண்ட வேண்டும். தண்ணீர் ஊற்றப் பழகிய பிள்ளைகளுக்கு இது நன்றாகத் தெரியும்.

ஏழு நாள் முகாம்

நாட்டு நலப்பணித் திட்டம் எனும் என்.எஸ்.எஸ்., காந்தி நூற்றாண்டையொட்டி 1969 செப்டம்பர் 24 அன்று கல்லூரி மாணவர்களுக்காகத் தொடங்கப்பட்டது. பிறகு மேல்நிலைப் பள்ளிகளுக்கும் வந்தது. 'எனக்காக அல்ல, உனக்காக' என்பதுதான் அதன் தாரக மந்திரம். இதன் உச்சம், ஒரு கிராமத்தில் தங்கி வேலை செய்யும் ஏழு நாள் சிறப்பு முகாம். கோயில் வளாகம், பள்ளி மைதானம், சாக்கடை ஓரம் எல்லாவற்றையும் பிள்ளைகளே சுத்தம் செய்வார்கள்.

முகாமில் மறக்க முடியாதது சாப்பாடு. கொங்கு நாட்டின் அரிசிம்பருப்பு சாதம் ஒரே பாத்திரத்தில் நூறு பேருக்கு ஆகும். அரிசியும் துவரம்பருப்பும் சின்ன வெங்காயம், பூண்டோடு குழைந்து வர, மேலே ஒரு கரண்டி நெய். வெண்ணெய்க்கும் நெய்க்கும் பேர்போன ஊத்துக்குளி பக்கத்திலேயே இருக்கும்போது நெய்க்கு என்ன குறை?

வேலை முடிந்தால்...

ஞாயிற்றுக்கிழமை வேலை முடிந்ததும் முதல் நிறுத்தம் பேக்கரி. கம்பெனி டீ டைமில் தொழிலாளர்கள் மொய்க்கும் அதே பேக்கரிதான். முட்டை பப்ஸ், தேங்காய் பன், சிவப்பாக ஜாம் பூசிய ஹனி கேக். நாலு பேர் காசைச் சேர்த்தால் மூணு கேக் வரும், அதை நாலாக வெட்டிக்கொள்வார்கள்.

சாயங்காலமானால் காளான் வண்டி. முட்டைக்கோஸையும் காளானையும் மாவில் பிசறிப் பொரித்து, பெரிய கல்லில் மசாலாவோடு கொத்தி, வெங்காயமும் கொத்தமல்லியும் தூவித் தருவார்கள். "இதுல காளான் எங்கண்ணா?" என்று கேட்பது காலங்காலமாக நடக்கும் கேலி. பக்கத்திலேயே சில்லி சிக்கன் கடை. நூறு கிராம்கூட நிறுத்துத் தருவார்கள். கறிக்கோழிப் பண்ணைகளுக்குப் பேர்போன பல்லடம் கூப்பிடு தூரத்தில் இருப்பதால், இந்தப் பக்கம் தெருவுக்குத் தெரு கோழி மணக்கிறது.

அடுத்த வண்டியில் பானி பூரி. ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள் நம் அரசுப் பள்ளிகளில் தமிழ் பேசிப் படிக்கிறார்கள். மதுரை, தேனியிலிருந்து பிழைக்க வந்த குடும்பத்துப் பிள்ளைகளும் அதே பெஞ்சில்தான். "உனக்கு எந்த ஊரு?" என்று கேட்டால், இவர்களில் பலருக்குப் பதில் சொல்லக் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கும். ஒரு குளத்தில் சேர்ந்து குப்பை அள்ளி, ஒரே தட்டுக் காளானை நாலு குச்சியால் குத்திச் சாப்பிட்ட பிறகு, "திருப்பூர்" என்று சொல்வது சுலபமாகிவிடுகிறது.

ஆகவே அப்பாக்களே, அம்மாக்களே! பிள்ளை, அதுவும் பெண் பிள்ளை, "கேம்ப் போறேன்" என்று வந்து நின்றால் உடனே "வேண்டாம்" என்று சொல்லிவிடாதீர்கள். பொறுப்பாசிரியரிடம் பேசுங்கள். கூட யார் வருகிறார்கள், எங்கே தங்குகிறார்கள், எத்தனை மணிக்குத் திரும்புவார்கள் என்று விசாரியுங்கள். திருப்தியானால் தொப்பி, தண்ணீர் பாட்டில், மாற்றுத்துணி எடுத்துக் கொடுங்கள். கூடவே காளான் சாப்பிடக் கொஞ்சம் சில்லறையும்!