சிறிய நாயின் குலத்தொழில்

பழைய எச்.எம்.வி. இசைத்தட்டுக்களிலே, கிராமபோன் குழாயின் முன்னே தலையைச் சாய்த்துச் செவிகொடுத்திருக்கும் சிறு நாயைப் பலர் அறிவர். அதன் பெயர் நிப்பர். 1884இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரிற் பிறந்த டெரியர் அது. அது மறைந்த பின்னர், பிரான்சிஸ் பரோட் என்னும் ஓவியர் அதனைப் படமாகத் தீட்டினார். படத்தைப் பார்த்தால் டெரியர் பரமசாது என்றே தோன்றும்.

வெள்ளவத்தைத் தொடர்மாடியில் எமது அயல் வீட்டார் அந்த எண்ணத்துடனேயே ஜாக் ரஸல் டெரியர் ஒன்றைக் கொணர்ந்தனர். உயரம் ஒரு முழமும் இல்லை. ஒரு வாரத்தினுள் பூச்சாடிகள் யாவும் கிளறப்பட்டன. கடலோரப் பாதையிற் புகைவண்டி செல்லுந்தோறும் அதன் குரைப்பு மாடியெங்கும் அதிர்ந்தது. குடியிருப்போர் முறையிட்டனர். எங்கேனும் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்ற பேச்சும் எழுந்தது. கைவிடப்பட்ட நாய்க்குத் தெருவன்றி வேறு கதி ஏது? எனவே அதன் இயல்பை அறிய முற்பட்டோம்.

டெரியர் என்னும் பெயர், மண்ணைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது. வளையில் ஒளிந்த நரியை வெளியேற்றுவதே அதன் குலத்தொழில். ஜோன் ரஸல் என்னும் பாதிரியார் 1819இல் ஒக்ஸ்போர்டிலே ஒரு பால்காரரிடம் வாங்கிய ‘ட்ரம்ப்’ என்ற பெண்நாயை இவ்வினத்தின் மூதாய் என்பர். நரியென மயங்காதிருக்க வெண்ணிறம். வளையினுள் நுழைய, இரு கைகளுக்குள் அடங்கும் ஒடுங்கிய மார்பு. பூச்சாடியைக் கிளறியது குறும்பன்று, பரம்பரைத் தொழில்!

அயல் வீட்டார் இசைவுடன், காலையும் மாலையும் அதனைக் கயிற்றிற் பிணைத்துக் கடற்கரைக்கு அழைத்துச் சென்றோம். அது மணலை ஆசைதீரத் தோண்டியது. வீட்டில், ஒளித்துவைத்த பந்தைத் தேடப் பழக்கினோம். சில வாரங்களிற் குரைப்புத் தணிந்தது. விட்டுவிடும் பேச்சும் ஓய்ந்தது.

கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த எமது தம்பி, தமக்கும் ஒரு குட்டி வேண்டுமென்றார்.

“சின்ன நாய்தானே அக்கா, ஒரு மூலையிலே கிடக்கும்.”

“மூலையிலே கிடக்கிற சாதியில்லைத் தம்பி. நாள்தோறும் இருமுறை உலாத்தவேணும். வருஷந்தோறும் விசர்நாய்த் தடுப்பூசி போடவேணும். 13 வருஷத்துக்கு மேலும் இருக்கும். அவ்வளவு காலமும் பார்ப்பீரோ?”

தம்பி யோசிக்கின்றார். யோசிக்கட்டும். வாங்குமுன் யோசிப்பதே அந்தக் குட்டிக்கு நாம் செய்யும் முதல் உபகாரம்.