சோக் கம்பி சுட்டது

நம் இல்லத்து முற்றத்தில் ஓர் அம்பாசிடர் நிற்கிறது. தந்தையார் 1976இல் வாங்கிய வண்டி. உத்தரப்பாரா தொழிற்சாலையில் அம்பாசிடர் உற்பத்தி 2014ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. நம்முடையதோ தூத்துக்குடியின் உப்புக் காற்றையும் தாங்கிக்கொண்டு இன்னும் ஓடுகிறது. பழைய வண்டி வைத்திருப்போர் அறிவர்: எஞ்சின் கோளாறு என்றால் ஓசையாவது கேட்கும், மின்சாரக் கோளாறோ கள்வனைப்போல் வரும்.

சென்ற ஆண்டு தங்கை மகளின் திருமணம். மணமகள் அவ்வண்டியில்தான் கோவிலுக்குச் செல்ல வேண்டும் என்பது நம் அன்னையாரின் ஆசை. எனவே அடிமுதல் முடிவரை வர்ணம் பூசுவித்தோம். மறுவாரமே செல்ஃப் சோர்ந்தது. இயக்கினால் முனகும், சுழலாது. புதிய பேட்டரி வாங்கினோம். பயனில்லை. தந்தையார் காலம் முதலே வண்டியின் மின்வேலைகளைக் கவனித்துவரும் அண்ணாச்சியிடம் செல்ஃப் மோட்டாரைக் கழற்றிக் கொடுத்தோம். அவர் கரி மாற்றி, புஷ் மாற்றி, மேசைமேல் வைத்து ஓட்டிக் காட்டினார். பம்பரமாய்ச் சுழன்றது. வீட்டில் நாமே மாட்டியதும் மீண்டும் அதே முனகல்.

திருமணத்திற்கு ஐந்து நாள்களே இருந்தன. சினம் தலைக்கேற, கடைக்குச் சென்று பலர் முன்னிலையில், "பழைய கரியையே வைத்து ஏமாற்றிவிட்டீர்களா?" என்று கேட்டுவிட்டோம். அண்ணாச்சி மறுமொழி கூறவில்லை. வாங்கிய கூலியை எடுத்து மேசைமேல் வைத்தார். நாமும் அதை எடுத்துக்கொண்டு வந்தோம். இதை எழுதக் கை கூசுகிறது.

அன்றிரவு முகப்பு விளக்கை எரியவிட்டபடி செல்ஃபை இயக்கினோம். பேட்டரி வலுவிழந்திருந்தால் விளக்கு மிகவும் மங்கும். அவ்வாறு மங்கவில்லை. மின்சாரம் இருக்கிறது, ஆனால் அது செல்ஃபின் வழியே தாராளமாய்ப் பாயவில்லை என்பது பொருள். மறுமுறை இயக்கியபோது ஏதோ கருகும் நாற்றம். சோக் இழுக்கும் கம்பியைத் தொட்டால் கை சுட்டது! சோக் கம்பிக்கும் மின்சாரத்திற்கும் என்ன உறவு?

உறவு உண்டு. வண்டியில் பெரும்பாலான கருவிகளுக்கு மின்சாரம் போவதற்குத்தான் ஒயர். திரும்புவதற்கு இரும்பு உடலே வழி. எஞ்சினோ ரப்பர் மெத்தைகளின்மேல் அமர்ந்திருப்பது. ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே எஞ்சினையும் உடலையும் தடித்த பட்டை ஒன்று இணைக்கிறது. அதுவே எர்த் பட்டை. முகப்பு விளக்கு ஒன்றுக்கு நான்கைந்து ஆம்பியர் போதும். செல்ஃபுக்கோ 100 ஆம்பியருக்கும் மேல் வேண்டும். அகன்ற பாதை அடைபடவே, மின்சாரம் மெல்லிய சோக் கம்பி வழியே திரும்ப முயன்றிருக்கிறது. கம்பி சுடாமல் என்ன செய்யும்?

மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் எர்த் முனையிலும், மற்றதை எஞ்சின் இரும்பிலும் வைத்துக்கொண்டு, மகனைச் செல்ஃபை இயக்கச் சொன்னோம். அரை வோல்ட்டுக்குள் காட்ட வேண்டியது 5 வோல்ட் காட்டியது. வண்டிக்கடியில் படுத்து நோக்கினால், பட்டையின் ஒரு முனை புத்தம்புது வர்ணத்தின்மேல் முறுக்கப்பட்டிருந்தது. வர்ணத்தின் கீழே துரு. வர்ணம் பூசியபின் அதை மாட்டியவர் வேறெவருமல்லர். கூலியை மிச்சப்படுத்த எண்ணிய நாமேதாம்.

உப்புத்தாளால் இரும்பு மின்னும்வரை தேய்த்து, பட்டையை முறுக்கி, மேலே கிரீஸ் தடவினோம். அரைமணி நேர வேலை. தொட்டவுடன் எஞ்சின் உறுமியது. மகன் கைதட்டினான், நமக்குத்தான் உறக்கம் வரவில்லை.

மறுநாள் காலை அதே வண்டியில் கடைக்குச் சென்றோம். முன்பு நம் சொல்லைக் கேட்டவர்கள் தேநீருக்கு வந்து கூடும்வரை காத்திருந்து, அவர்கள் செவிபட நம் தவற்றைக் கூறி, பணத்தை மேசைமேல் வைத்தோம். அண்ணாச்சி பணத்தை நோக்கவில்லை. வெளியே வந்து வண்டியின் அடியில் குனிந்து பார்த்தார்.

"எஞ்சின் பக்கத்து முனையைத் தேய்த்தீர்களா, தம்பி?" என்றார்.

தேய்க்கவில்லை.

"மணப்பெண் போகிற வண்டி, வழியில் நிற்கக் கூடாது" என்றவர், ஸ்பானரை எடுத்துக்கொண்டு தாமே அடியில் படுத்தார்.