சென்ட்ரல் பார்க்கில் குண்டோடு காத்திருந்த பீரங்கி!

நியூயார்க் போகிறவர்கள் சென்ட்ரல் பார்க்கைப் பார்க்காமல் திரும்புவதில்லை. ஆனால் பலரும் தெற்குப் பக்கத்தில் குதிரை வண்டி, ஏரி, செல்ஃபி என்று முடித்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். 843 ஏக்கர் பூங்காவாச்சே! வடகோடிக்கும் ஒரு நடை போய் வாருங்கள். 110-வது தெரு சப்வே ஸ்டேஷனில் இறங்கினால் பக்கத்திலேயே ஹார்லெம் மீர் ஏரி. அதைப் பார்த்தபடி இருக்கிற மேடுதான் ஃபோர்ட் கிளிண்டன்.

கோட்டையை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். பீடத்தின் மேல் இரண்டு பழைய பீரங்கிகள், கீழே ஏரி. அவ்வளவுதான். ஆனால் கதை பெரிசு.

பிரிட்டிஷ் படை வந்துவிடுமோ என்ற பயத்தில் 1814-ல் இங்கே காவல் அரண் கட்டினார்கள். படை வரவேயில்லை. இன்று அதே மேட்டில் இருப்பவையோ பிரிட்டிஷ் பீரங்கிகள்! 1780 நவம்பரில் கிழக்கு ஆற்றில் பாறை மோதி மூழ்கிய ‘ஹஸ்ஸார்’ என்ற போர்க்கப்பலைச் சேர்ந்தவை என்று நம்பப்படுகிறது. அந்தக் கப்பலில் தங்கம் இருந்ததாகக் கிளம்பிய பேச்சை நம்பி எத்தனையோ பேர் தேடிவிட்டார்கள், கிடைத்தபாடில்லை. பீரங்கிகள் மட்டும் 1860-களில் பூங்காவுக்கு அன்பளிப்பாக வந்து சேர்ந்தன.

அதில் ஒன்றை 1996 வரை காட்சிக்கு வைத்திருந்தார்கள். யாராவது சேதப்படுத்திவிடுவார்கள் என்று பிறகு உள்ளே கொண்டுபோனார்கள். 2013 ஜனவரியில் பராமரிப்பு ஊழியர்கள் துருவைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். வாயை அடைத்திருந்த கான்கிரீட்டைத் திறந்தால்... உள்ளே இரும்புக் குண்டு, அடைப்புப் பொதி, அதற்குப் பின்னால் 800 கிராமுக்கும் மேல் கருமருந்து!

உடனே போலீஸின் வெடிகுண்டு நிபுணர்கள் வந்து மருந்தை எடுத்தார்கள். அது இன்னும் வெடிக்கக்கூடிய நிலையில்தான் இருந்தது என்றது போலீஸ். அப்படியென்றால், நூறு வருஷத்துக்கும் மேலாகப் பூங்காவில் இருந்தது முழுசாக ‘லோட்’ செய்த பீரங்கி. நினைத்தாலே முதுகு சில்லிடுகிறது.

இத்தனை காலம் கழித்துமா மருந்து கெடாது? கருமருந்து என்பது வெடியுப்பு, கரி, கந்தகம் மூன்றும் கலந்தது. வயசாகிவிட்டதே என்று அது வீரியம் இழப்பதில்லை. நனைந்தால்கூட வெடியுப்பு கரைந்து வெளியேறினால்தான் சாகும். உள்ளேயே காய்ந்துபோனால் திரும்ப உயிர் பெறலாம்.

குண்டு சிக்கிக்கொள்வதற்குக் காரணம் துரு. குழலில் எளிதாக உருண்டு போகட்டும் என்று குண்டைக் கொஞ்சம் சின்னதாகத்தான் வார்ப்பார்கள். ஆனால் இரும்பு துருப்பிடித்தால் பருக்கும். அந்தச் சின்ன இடைவெளியையும் துரு நிரப்பிவிட்டால் குண்டும் குழலும் ஒட்டிக்கொள்ளும்.

இந்த வேலை தெரிந்தவர்கள் முதலில் ஒரு மரக்குச்சியை வாய் வழியே விட்டு ஆழம் பார்ப்பார்கள். அதை, பின்பக்கம் மருந்தைப் பற்றவைக்கிற சின்னத் துளை வரையிலான வெளிநீளத்தோடு ஒப்பிடுவார்கள். குச்சி முன்னாலேயே நின்றால் உள்ளே ஏதோ இருக்கிறது. அடுத்து தண்ணீர்தான். துளை வழியாகவும் வாய் வழியாகவும் ஊற்றி, நாள்கணக்கில் ஊறவைத்து, திரும்பத் திரும்பக் கழுவுவார்கள். அடைப்புப் பொதியை இழுக்க, நீளக் கம்பின் நுனியில் பாட்டில் கார்க் திறக்கிற திருகு மாதிரி ஒரு இரும்பு.

மருந்து செத்தது உறுதியான பிறகுதான் குண்டுக்கு வருவார்கள். பின்பக்கத் துளை வழியே பம்ப்பால் கிரீஸை ஏற்றுவது ஒரு வழி. கிரீஸ் அழுந்திச் சுருங்காது. குண்டை அங்குலம் அங்குலமாக நகர்த்தும். காற்றை ஏற்றினால் பீரங்கியை நாமே சுட்ட கதையாகிவிடும். உள்ளே மருந்து இருக்கும்போது டிரில்லரோ சுத்தியலோ பக்கத்திலேயே வரக் கூடாது.

இதெல்லாம் நிபுணர்கள் வேலை. அவர்களுக்கே சில சமயம் கைமீறும். 2008-ல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில், உள்ளே மருந்து வைத்த பழைய கப்பல் குண்டு ஒன்றைச் சுத்தம் செய்தவர் அது வெடித்து இறந்துபோனார். இத்தனைக்கும் பல வருஷ அனுபவம் உள்ளவர்.

சென்ட்ரல் பார்க் மருந்தைப் போலீஸின் துப்பாக்கிச் சுடும் தளத்துக்குக் கொண்டுபோனார்கள். பீரங்கி 2014-ல் ஜோடியோடு மேட்டுக்குத் திரும்பியது. பக்கத்தில் நின்று தாராளமாகப் படம் எடுத்துக்கொள்ளலாம். இப்போது உள்ளே ஒன்றுமில்லை.