ஒன்று முதல் பத்து வரை

மும்பைப் புறநகர் நிலையம் ஒன்றின் பயணச்சீட்டு அறையில் ஜீவனம் நடத்தும் நாம் தியானத்தைப் பற்றி எழுதத் துணிவது, அன்பர்கள் சிலருக்கு நகைப்பை விளைவிக்கலாம். நாம் மெட்ரிகுலேஷனுக்கு மேல் பயின்றவர் அல்லோம், யோகியும் அல்லோம். ஆயினும் நமக்கு நேர்ந்ததைச் சொன்னால், வேற்றூரில் குடும்பம் நடத்தும் நம்மவர் சிலருக்கேனும் பயன்படக்கூடும்.

சென்ற மழைக்காலத்தில் ஒரு நாள், பணி முடிந்து கணக்கை ஒப்பிட்டபோது 500 ரூபாய் குறைந்தது. அதைக் கைப்பணத்திலிருந்து கட்டினோம். வரிசையில் நின்றோர் பொழிந்த வசைகளையும் சுமந்துகொண்டு வீடு சேர்ந்தோம். எட்டு வயது மகள் கைதவறிப் பால் தம்ளரைத் தட்டிவிட்டாள். நாம் எழுந்தோம், அவ்வளவே. கை ஓங்கவுமில்லை. அதற்குள் குழந்தை இரு கைகளாலும் முகத்தை மறைத்துக்கொண்டாள். அடிக்குப் பழகிய குழந்தைதான் அடி விழுமுன்பே முகத்தை மறைக்கும். பழக்கியவர் யாரென்பதை நாம் அறிவோம். அன்றிரவு நமக்கு உறக்கமில்லை.

மறுநாள், உடன் பணிபுரியும் மராட்டியப் பெரியவரிடம் இதைச் சொன்னோம். அவரை 'காகா' என்றே அழைப்போம். இகத்புரியில் 1976-ஆம் ஆண்டு முதல் நடந்துவரும் விபாசனா நிலையத்தில் 10 நாள் தங்கி வந்தவர் அவர். பர்மாவில் பயின்ற கோயங்கா அவர்கள் 1969-இல் இந்தியாவில் கற்பிக்கத் தொடங்கிய முறை அது.

"அங்கே மூச்சைக் கவனிக்க மட்டுமே சொல்வார்கள், அண்ணா, எண்ணச் சொல்லமாட்டார்கள். ஆனால் நாளெல்லாம் நோட்டு எண்ணுகிற நமக்கு எண்ணிக்கைதான் கைவரும். மூச்சை எண்ணிப் பாருங்கள்" என்றார் காகா.

அவர் சொன்ன வழி எளியது. முதுகு நிமிர அமர்ந்து, நாசியில் காற்று வருவதையும் போவதையும் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு வெளிமூச்சுக்கும் ஓர் எண். பத்து ஆனதும் மீண்டும் ஒன்று. கணக்குத் தவறினால் நொந்துகொள்ளாமல் ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். மூச்சை அடக்கலாகாது. முதல் வாரம் முழுவதும் நாம் நான்கைத் தாண்டவில்லை!

ஓய்வாக இருப்பவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை வரை சுவாசிக்கிறார். மூச்சு நிதானமாக நீண்டு வெளியேறுகையில், வேகஸ் நரம்பின் வழியே இதயத் துடிப்பும் தணிகிறது என்பர் மருத்துவர். மூச்சைப் பற்றிய சிந்தனை நம்மவர்க்கும் புதிதன்று. திருமூலர் தம் மூன்றாம் தந்திரத்தில் பிராணாயாமத்தைப் பாடியிருக்கிறார்.

இகத்புரிக்குச் செல்லும் ரயில் பாதையில், கசாராவுக்கு அப்பால் 37 அடிக்கு ஓரடி என்ற செங்குத்தான ஏற்றம் உண்டு. அங்கே பல வண்டிகளுக்குப் பின்புறம் துணை எஞ்சின் பூட்டித் தள்ளுவார்கள். அதனால் மலை தாழ்ந்துவிடுவதில்லை, வண்டி ஏறிவிடுகிறது. நம் மூச்சும் அத்தகைய துணையே. கணக்கு இன்றும் சில நாள் குறைகிறது, வசையும் நின்றபாடில்லை. சென்ற மாதம் ஒரு நாள் நாமும் குரலை உயர்த்திவிட்டோம். ஆனால் கை எழவில்லை.

அண்மையில் மகள் சாம்பார்க் கிண்ணத்தைக் கவிழ்த்துவிட்டாள். நம் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். தன் முகத்தை மறைக்கவில்லை.

"அப்பா, எண்ணியாச்சா?" என்றாள்.

நான்கு வரைதான் எண்ணினோம். அதுவே போதுமானதாயிற்று.