அம்மாவின் கம்பளி

மலைநாட்டு நகரமொன்றில் நடக்கவிருந்த மரதன் ஓட்டத்துக்கு நாம் பெயர் கொடுத்த செய்தி, பலாங்கொடைக்கு மேலேயுள்ள எமது தோட்டத்தில் நகைப்பையே முதலில் எழுப்பிற்று. நாள்தோறும் கூடை சுமந்து மலையேறுகிறவர்களுக்கு 42.195 கிலோமீற்றரை வெறுங்கையோடு ஓடுவது வேலையற்றவன் வேலையாகத் தோன்றியதில் வியப்பில்லை.

பயிற்சி எமக்குச் சிரமமாயில்லை. பாடசாலை விட்டதும் பெலிகுல் ஓயாத் தெருவில் ஓடுவோம். சிரமம் ஓய்விலேதான் தொடங்கிற்று. கடைசி மூன்று வாரங்களில் ஓட்டத்தைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். எட்டு மணி நேரமாவது உறங்க வேண்டும். நைந்த தசை உறக்கத்திலேதான் பெரிதும் செப்பனிடப்படுகிறது. உடலியல் கூறும் உண்மைதான். ஆனால் 10 அடிக்கு 12 அடியான லயத்துக் காம்பராவில் நாம் ஆறு பேர். விடியற்காலை நாலரைக்கு அம்மா அடுப்பு மூட்டியாக வேண்டும். பிரட்டுக்குப் போகுமுன் ரொட்டி தட்டியாக வேண்டும். அந்த மூன்று வாரமும் அவர் இஸ்தோப்பில் மூன்று கற்களைக் கூட்டி, பனியில் குந்தியிருந்து ரொட்டி சுட்டார். எமது உறக்கம் கலையக் கூடாதாம்! இதை நாம் கண்டுகொண்டது இருபதாம் நாள்.

அடுத்தது குளிருடை. பருத்திச் சட்டை வியர்வையை உறிஞ்சி உடலோடு ஒட்டிக் குளிரை ஏற்றும். நனைந்தாலும் ஓரளவு வெப்பம் காப்பது கம்பளி. மழை தாங்கும் மேலங்கியின் விலையோ அம்மாவின் பல நாட்பேர்களை விழுங்கும். கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப்பேர் போடுகிற தோட்டத்தில் அதைக் கேட்க எமக்கு நாவெழவில்லை. அம்மாவே தாம் மழைக்குப் போர்த்தும் கம்பளியில் பாதியை வெட்டி, கையில்லாத சட்டையாகத் தைத்தார். தலைக்கு உரச்சாக்கு போதுமென்றார். தடுத்திருக்க வேண்டும், தடுக்கவில்லை.

2018 ஏப்ரல் 16இல் போஸ்டன் மரதன் கடுங்குளிரிலும் மழையிலும் எதிர்க்காற்றிலும் நடந்தது. பேர்பெற்ற ஓட்டவீரர் பலர் விறைத்து விலகினர். 2 மணி 15 நிமிடம் 58 விநாடியில் வென்றவர் யூக்கி கவாவுச்சி. ஜப்பானியப் பாடசாலையொன்றின் அலுவலகப் பணியாளர். உழைப்பாளிக்கும் ஓட்டம் கைகூடுமென்று மாணவரிடம் இக்கதையைப் பெருமையோடு சொல்லிவந்தோம். அவருக்கு மாதச் சம்பளம் இருந்ததென்பதைச் சொல்ல மறந்திருந்தோம்.

எமது ஓட்டத்தன்றும் மழைதான். கடைசிப் பத்துக் கிலோமீற்றரில் விரல்கள் விறைத்தன. மார்பு மட்டும் விறைக்கவில்லை. நாலரை மணிக்கு மேலாயிற்று, முடித்துவிட்டோம்.

வீடு திரும்பியபோது அம்மா நேரம் கேட்கவில்லை. சட்டையை வாங்கி அடுப்புக்கு மேலே காயவிட்டார். இரவே தையலைப் பிரித்து, மற்றப் பாதியோடு சேர்த்துத் தைத்தார். திங்கட்கிழமை அது அவரோடு மலைக்குப் போயிற்று.