கூறை எடுக்கப் போன நாள்

2024ஆம் ஆண்டு ஆவணி மாதம் ஒரு வியாழக்கிழமை. கிளிநொச்சியில் எனது வேலைப் பிரிவிலுள்ள ஓர் அக்கா, "தங்கச்சி, மகளுக்குக் கூறை எடுக்க யாழ்ப்பாணம் போறம். மாப்பிள்ளை வீட்டாரும் வருவினம். நீங்களும் ஒருக்கா வாங்கோவன்" என்று கேட்டார். பெண் தலைமைத்துவக் குடும்பங்களுக்கான சுயதொழில் திட்டத்தில் கோழி வளர்ப்பவர் அவர். கணவர் 2009 வைகாசிக்குப் பிறகு வீடு வரவில்லை. மகளுக்கு அப்போது ஏழு வயது.

என்னை ஏன் கூப்பிடுகிறார் என்பது பஸ்சில் போகும்போதுதான் விளங்கியது. கடையில் தன் பக்கத்தில் ஒரு ஆள் இருக்க வேண்டுமென்று நினைத்திருக்கிறார்.

எமது வழக்கத்தில் கூறை மாப்பிள்ளை வீட்டுச் செலவு. பெண் முதலில் மணவறைக்கு உடுத்து வருகிற சேலை பெண் வீட்டுச் செலவு. தாலியும் கூறையும் வைத்த தட்டம் சபையோரிடம் ஆசி பெற்று வந்த பின், மாப்பிள்ளை கூறையைக் கொடுக்க, பெண் உள்ளே போய் அதை உடுத்து வருவாள். அதன் பிறகே தாலி ஏறும். கூறை என்றால் பழந்தமிழில் வெறுமனே துணிதான். மயிலாடுதுறையில் நெசவுக்குப் பேர்போன கூறைநாடு என்ற இடமும் உண்டு. இப்போது நாம் கூறை என்று வாங்குவது பெரும்பாலும் காஞ்சிபுரப் பட்டு. கடல் தாண்டி வரும் பொருள் என்பதால் 2022இல் எமது ரூபா விழுந்தபோது அதன் விலையும் எட்டாத உயரத்துக்குப் போனது.

பெரியகடைப் பக்கம் ஒரு புடைவைக் கடை. பாய் விரித்து எல்லோரையும் இருத்திச் சேலைகளை அவிழ்த்துப் போட்டார்கள். சிவப்பு, அரக்கு, மாம்பழ மஞ்சள், இந்தக் காலத்துப் பிள்ளைகள் கேட்கும் வெளிர் ரோஸ். மாப்பிள்ளையின் சித்தி, பளபளப்பாக இருந்த ஒன்றைத் தூக்கி, "இதுதான் எடுப்பு" என்றார். விலை 68,000 ரூபா.

அக்கா அந்தச் சேலையை மறுபக்கம் திருப்பினார். எனக்குத் தெரியாத ஒரு கதை அப்போதுதான் தெரிய வந்தது: கலியாணத்துக்கு முன் அவர் ஐந்து வருடம் ஒரு புடைவைக் கடையில் நின்றவராம். "முன்பக்கம் எல்லாம் மினுங்கும். பின்பக்கத்தைப் பாக்கவேணும்" என்றார். கோர்வை முறையில் நெய்த காஞ்சிபுரத்தில் உடலும் கரையும் வேறு வேறு ஊடை நூலால் நெய்து ஒன்றோடொன்று கோக்கப்பட்டிருக்கும். பொருத்திய இடத்தில் சின்னப் பல் போலத் தெரியும். தலைப்பில் தொங்கிய நூலொன்றைக் கேட்டு வாங்கி வெளியே கொண்டுபோய்க் கொளுத்தினார். பட்டென்றால் மயிர் கருகிய மணம் வரும், விரலால் நசித்தால் சாம்பலாகும். பொலியெஸ்ரர் உருகி மணிபோலக் கட்டியாகும். சித்தி எடுத்தது கட்டியானது.

சரிகைக்கும் ஒரு பார்வை உண்டு. அசல் சரிகையில் சிவப்புப் பட்டு நூலின் மேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றிப் பொன்முலாம் பூசுவார்கள். செம்புச் சரிகை வாங்குவதில் பிழையில்லை, அதற்குரிய விலையைக் கொடுத்தால் சரி. இந்திய மத்திய பட்டு வாரியம் 2004இல் கொண்டுவந்த 'சில்க் மார்க்' அட்டை பட்டுக்கு மட்டும்தான் உறுதி. சரிகைக்கு அது பேசாது. அந்த அட்டையோடு, அரக்கில் பச்சைக் கரை போட்ட ஒன்றை 61,000 ரூபாவுக்கு அக்கா கண்டுபிடித்தார்.

அதை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தபோதுதான் சித்தி சொன்னார்: "நீங்கள் கொஞ்சம் தள்ளி இருங்கோ. கூறையில முதல் கை சுமங்கலி வைக்கவேணும்." அக்கா கையை எடுத்துவிட்டார். பாயில் ஒருவரும் பேசவில்லை. நானும் பேசவில்லை. மாதம் இரண்டு தடவை பெண்ணுரிமைப் பயிற்சி வைப்பவள், பல்கலைக்கழகத்தில் சடங்கும் சமூகமும் என்று பக்கம் பக்கமாக எழுதியவள், சுவரில் தொங்கிய விலைப்பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மகள்தான் சேலையை எடுத்துத் தாயின் மடியில் திரும்ப வைத்தாள். சற்றுப் பொறுத்து மாப்பிள்ளையின் தாயார், "தங்கச்சி, தலைப்பில பிழை ஒண்டும் இல்லையோ?" என்று அக்காவிடமே கேட்டார். அத்தோடு கூறை தீர்மானமானது.

பிறகு லெஹங்கா. வரவேற்புக்கு அதுதான் வேண்டுமென்று மகளுக்கு ஆசை. கல்லு வேலை செய்தது 85,000 ரூபா. அக்கா வாரக்கடன் எடுக்கத் தயாராக இருந்தார். இந்த முறை நான் வாய் திறந்தேன். நுண்கடனில் சிக்கிய எமது பெண்களின் கடன்களில் ஒரு பகுதியை 2018இல் அரசாங்கமே தள்ளுபடி செய்ய வேண்டி வந்ததை இருவரும் அறிவோம். ஒரு மாலைக்கு உடுத்துவதை 15,000 ரூபாவுக்கு வாடகைக்கு எடுக்கலாம். மகள் முகம் சுருங்கியது, ஆனால் ஒத்துக்கொண்டாள். மணவறைக்கு முதலில் உடுத்து வர, பிறகு கோயில் திருவிழாவுக்கும் பொங்கலுக்கும் உதவக்கூடிய பாரமில்லாத பட்டொன்று 19,000 ரூபாவுக்கு எடுத்தோம்.

கடைசியாக அக்காவுக்கு. கடைத் தம்பி எதுவும் கேட்காமலே சாம்பல், சந்தனம், வெள்ளையில் சின்னப் பூ என்று அடுக்கினான். அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். 2016இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, மரணச் சான்றிதழ் வாங்க மனமில்லாதவர்கள் காணாமற்போனமைக்கான சான்றிதழ் வாங்கலாம். அக்காவிடம் அது இருக்கிறது. அப்படிப்பட்ட பெண் என்ன நிறம் உடுத்தலாம் என்று அதில் எழுதியில்லை. நெற்றியில் வழக்கம்போல் குங்குமம் வைத்திருந்தார்.

"இதுகள் வேண்டாம் தம்பி. அந்தக் கரும்பச்சையை எடுங்கோ."

6,500 ரூபா. சித்தி திரும்பிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

பஸ்சில் கூறைப் பெட்டியை மாப்பிள்ளை வீட்டார் வைத்திருந்தார்கள். அக்காவின் மடியில் தன் பை மட்டும். ஆனையிறவு தாண்டும்போது அதைத் திறந்து ஒருமுறை பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அவருக்குப் பச்சை எண்டால் கண்ணில காட்டேலாது, தங்கச்சி. வந்து ஏசட்டும்."